ஆமைக்குஞ்சுக்கு வீடு: கடையில் கொடுத்த கண்ணாடித் தொட்டி போதுமா?

12 மார்ச் 2024, கேள்வி

இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறோம். மகனின் பிறந்தநாளுக்கு ஹெர்மன் என்ற தரை ஆமையின் குஞ்சு ஒன்று வாங்கினோம். என் உள்ளங்கையில் பாதிகூட இல்லை. இரண்டடிக் கண்ணாடித் தொட்டி, ஒரு பை மரச்சீவல், சுருள் பல்பு, கண்ணாடியில் ஒட்டிவைக்கும் வெப்பமானி எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியாகக் கொடுத்தார்கள். இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம், கீரை போட்டால் போதும் என்றார்கள். நாலு நாளாகச் சாப்பிடவில்லை. ஒரு மூலையில் நின்று கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டே இருக்கிறது. புது வீடு பழக நாளாகும் என்கிறார் கடைக்காரர். சரிதானா?

12 மார்ச் 2024, இரவு, பதில்

சரியில்லை. அது வெளியே போக வழி தேடுகிறது. கண்ணாடி என்று ஒரு பொருள் இருப்பதே அதற்குத் தெரியாது. எதிரே தரை தெரிகிறது, கால் நகரவில்லை, அவ்வளவுதான் அதற்குப் புரிவது.

இன்றிரவு செய்ய வேண்டியது: தொட்டியின் நாலு பக்கமும் அடியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு வெளிப்பக்கமாகப் பழுப்புத் தாள் ஒட்டுங்கள். மரச்சீவலைக் குப்பையில் கொட்டுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில், தாடைக்குக் கீழே நிற்கிற அளவு ஆழத்தில், கால் மணி நேரம் உட்கார வையுங்கள். பக்கத்திலேயே இருங்கள். நாலு நாள் சாப்பிடாத குஞ்சுக்கு முதலில் வேண்டியது தண்ணீர். இரண்டு நாளில் வாய் வைக்கவில்லை என்றால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள், என் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

அந்தத் தொட்டியையும் கூடிய சீக்கிரம் தூக்கிப் போடுங்கள். மீதி நாளைக்கு.

13 மார்ச் 2024

நேற்றைய கோபம் உங்கள் மேல் இல்லை, என் மேல். 2022 செப்டம்பரில் நானும் இதே மாதிரிப் பெட்டியைத்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். நாங்கள் இருப்பது ரெடிங். மகளுக்கு அப்போது ஏழு வயது. ஆறு வாரக் குஞ்சு, 14 கிராம், நாலு செ.மீ. கூட இல்லை. பழுப்பும் மஞ்சளுமாக, கையில் எடுத்தால் கெட்டியாக, என் பாட்டி பிடிக்கும் பொருள்விளங்கா உருண்டை போலவே இருந்தது. பெயர் உருண்டை. ஆணா பெண்ணா என்று கேட்காதீர்கள், அது தெரியவே பல வருடம் ஆகும். முட்டையில் இருக்கும்போது சூடு அதிகமானால் பெண், குறைந்தால் ஆண். குஞ்சைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

முதல் மூன்று மாதம் நான் செய்த தப்பு எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான். அது எங்கள் கண்ணில் பட வேண்டும். சோபாவில் உட்கார்ந்தால் ஆமை தெரிய வேண்டும் என்று தொட்டியை டிவிக்குப் பக்கத்தில் வைத்தோம். ஒளிந்துகொள்ள ஒன்றும் வைக்கவில்லை, வைத்தால் தெரியாதே! நாலு செ.மீ. ஆமை என்பது காக்கைக்கும் எலிக்கும் ஒரு வாய்த் தீனி. அதன் பாட்டன் பூட்டன் எல்லாம் ஸ்பெயினிலிருந்து இத்தாலி, பால்கன் நாடுகள் வரைக்கும் புதருக்கடியில் பதுங்கிப் பதுங்கிப் பிழைத்தவர்கள். அதைக் கொண்டுபோய் வெட்டவெளியில் நிறுத்தி, மேலே பல்பைப் போட்டு, நாலு பேர் குனிந்து முகத்தை நீட்டினால்? கையும் காலும் தலையும் இழுத்துக்கொண்டது. முனிவர் மாதிரி அடக்கமாக இருக்கிறதே என்று நாங்கள் போட்டோ எடுத்தோம்.

சரி, உங்கள் பெட்டிக்கு வருவோம். அதில் உடனே மாற்ற வேண்டியது அந்தச் சுருள் பல்பு. ஆமையின் தோல் வைட்டமின் டி3 சத்தைத் தயாரிக்க 290 முதல் 315 நானோமீட்டர் வரையுள்ள யுவிபி என்ற புற ஊதா ஒளி வேண்டும். டி3 இல்லாவிட்டால் எவ்வளவு கால்சியம் போட்டாலும் உடம்பில் சேராது. ஓடு அழுத்தினால் அமுங்கும், கால் வளையும். சுருள் பல்பு தனக்கு நேர் கீழே கையகல இடத்துக்குக் கொஞ்சம் கொடுக்கும், ஆமை நாலு அடி எடுத்து வைத்தால் அதுவும் இல்லை. வாங்க வேண்டியது டி5 வகை நீள யுவிபி ட்யூப், 12 சதவீதம் என்று போட்டிருக்கும், பின்னால் பளபளப்பான தகட்டோடு. வீட்டின் நீளத்தில் பாதிக்காவது வர வேண்டும். உயரம் ஓட்டிலிருந்து ஓர் அடிக்குக் கொஞ்சம் மேலே, அந்தந்த ட்யூப் பெட்டியில் போட்டிருக்கும் கணக்குப்படி. நடுவில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இருந்தால் வீண். வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். எரிகிறதே என்று விட்டுவிடக் கூடாது, வெளிச்சம் இருக்கும், யுவிபி தேய்ந்திருக்கும்.

ஜன்னல் ஓரமாக வைத்தால் வெயில் படுமே என்று அடுத்து கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஜன்னல் கண்ணாடி யுவிபியை நிறுத்திவிடும், சூட்டை மட்டும் உள்ளே விடும். வெயில் நாளில் அந்தத் தொட்டி அடுப்புதான்.

13 மார்ச் 2024, கொஞ்ச நேரம் கழித்து

சூடு பற்றி எழுத விட்டுப்போச்சு. ஒரு மூலையில் மேலிருந்து சாதாரண வெள்ளை வெயில் பல்பு, அதற்குக் கீழே ஒரு தட்டைக் கல். கல் மேல் 32 முதல் 35 டிகிரி. எதிர் மூலை 20, 22. இரவில் எல்லாம் அணைய வேண்டும், 15க்குக் கீழே போகாத அறையாக இருந்தால் தனியாகச் சூடு தேவையில்லை. சிவப்பு பல்பு வேண்டாம், ஆமைக்குச் சிவப்பு தெரியும். அடியில் வைக்கிற சூட்டுப் பாயும் வேண்டாம், சூடு அதற்கு வானத்திலிருந்து வருவதுதான் பழக்கம்.

ஒட்டு வெப்பமானியை நம்பாதீர்கள். எங்கள் வீட்டில் அது கண்ணாடியில் 24 என்று காட்டிக்கொண்டிருந்தது. கணவர் சமையலுக்கு என்று வாங்கிய அகச்சிவப்புத் துப்பாக்கியைக் கல்லை நோக்கிப் பிடித்தால் 41. ஆமை வெயில் காயவே வருவதில்லை, ரொம்பக் கூச்சம் என்று ஒரு மாதம் பேசிக்கொண்டிருந்தோம். கூச்சம் இல்லை, சுட்டிருக்கிறது.

16 மார்ச் 2024

லெஸ்டர்க்காரரின் குஞ்சு தண்ணீரில் உட்கார்ந்ததும் வெள்ளையாக ஏதோ வெளியேற்றியதாம். பயந்து போய்ப் படம் அனுப்பியிருக்கிறார். பயப்பட ஒன்றும் இல்லை, அது யூரேட், சிறுநீரோடு வரும் கெட்டியான கழிவு. பல்பசை மாதிரி வழவழப்பாக இருந்தால் நல்லது. மணல் மாதிரி நறநறவென்று இருந்தால் உடம்பில் தண்ணீர் இல்லை என்று அர்த்தம். தினமும் ஊற வையுங்கள், முதல் வருடம் முழுக்க. நேற்று டான்டெலியன் என்ற களையின் இலை ஒன்றில் பிறைநிலா மாதிரி ஒரு கடி கடித்திருக்கிறதாம். சந்தோஷம்.

2 ஏப்ரல் 2024

மண். ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நான் சொல்வது இது: உரம் கலக்காத தோட்ட மண் பாதிக்குக் கொஞ்சம் மேல், மீதி தேங்காய் நார்த்தூள். ஒரு சாண் ஆழத்துக்குக் குறையாமல். குஞ்சு இதில் இறங்கிப் புதைய வேண்டும்.

நார்த்தூள் இங்கே செங்கல் மாதிரி அழுத்திக் கட்டியாக வரும். முதல் கட்டியை வாளியில் போட்டு வெந்நீர் ஊற்றினேன். பத்து நிமிஷத்தில் பொங்கி வாளி நிறைந்தது, அதோடு ஒரு வாசனை. எனக்கு ஊர் உடுமலை. பொள்ளாச்சி ரோட்டில் போனால் நார் மில் வாசலில் தூள் குன்று குன்றாகக் குவிந்து கிடக்கும், மழை பெய்தால் இதே வாசனை. அட்டையைத் திருப்பிப் பார்த்தேன், இந்தியத் தயாரிப்பு என்று மட்டும்தான் போட்டிருந்தது. பொள்ளாச்சிதான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். எங்கள் ஊரில் சும்மா கொடுத்தாலும் அள்ளிப் போக ஆள் தேடிய காலம் எனக்கு நினைவிருக்கிறது. இங்கே கட்டிக்கு ஐந்து பவுண்டு கொடுத்தேன்.

தனி நார்த்தூள் மட்டும் போடாதீர்கள். காய்ந்தால் கண்ணில் தூசி, நனைந்தால் இலையெல்லாம் ஒட்டிக்கொண்டு வாய்க்குள் போகும். மணல் மட்டும் போடுவதும் வேண்டாம், வயிற்றில் அடைக்கும்.

ஈரம் ஏன் என்றால், மேடு மேடாகக் கூம்பு எழுந்த ஆமை ஓடு படத்தில் பார்த்திருப்பீர்கள். புரதம் அதிகம் கொடுத்ததால் வந்தது என்று ரொம்ப நாள் சொன்னார்கள். 2003-ல் வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆப்பிரிக்க முட்கால் ஆமைக் குஞ்சுகளை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். காற்றில் ஈரம் குறைவான கூண்டில் வளர்ந்தவற்றுக்குத்தான் கூம்பு அதிகம். புரதத்தின் பங்கு கொஞ்சம்தான். அது வேறு இனம், ஆனாலும் ஹெர்மன் வளர்ப்பவர்களும் இப்போது குஞ்சுக்கு ஈரம் காட்டியே வளர்க்கிறார்கள். உருண்டையின் முதுகில் முதல் குளிர்காலத்தில் வளர்ந்த வளையம் மட்டும் லேசாக மேடு தட்டியிருக்கும், விரல் வைத்தால் தெரியும். அப்போது ஹீட்டர் ஓடிய அறையில் ஈரப்பதம் 30. அந்த மேடு இனி போகாது. அது என் கையெழுத்து.

5 ஏப்ரல் 2024

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் தினமும் மூன்று வேளை தெளிப்பானால் மழை பெய்விக்கிறாராம். நிறுத்துங்கள். அடி ஈரமாக, மேல் காய்ந்து இருக்க வேண்டும். மூலையில் டம்ளரால் தண்ணீர் ஊற்றினால் அது அடியில் பரவும். மேல்மண் எப்போதும் சொதசொதவென்று, அதோடு குளிராகவும் இருந்தால் அடி ஓடு அழுகும்.

அதோடு ஓர் ஐஸ்கிரீம் டப்பாவைக் கவிழ்த்து வாசல் வெட்டி, உள்ளே ஈரப் பாசி போட்டு வையுங்கள். நம் வீடுகளில் ஐஸ்கிரீம் டப்பாவுக்கா பஞ்சம்!

21 ஏப்ரல் 2024

வீடு எதில் செய்தாய் என்று மூன்று பேர் கேட்டாயிற்று. பழைய புத்தக அலமாரியில். தெருவில் ஒருவர் 'எடுத்துக்கொள்ளலாம்' என்று எழுதி வைத்திருந்தார். நாலடி உயரம். நடுத்தட்டுகளைக் கழற்றிவிட்டு மல்லாக்கப் படுக்க வைத்தால் நாலடிக்கு இரண்டரை அடி, ஓரம் ஓர் அடி உயரம், மேலே திறந்தது, சுவர் மரம். குஞ்சுக்கு இரண்டு மூன்று வருடம் தாராளம்.

ஆனால் அலமாரியின் முதுகு வெறும் அட்டைப்பலகை. நான் நேரடியாக ஈர மண்ணைக் கொட்டினேன். ஆறாவது வாரம் ஒரு பக்கம் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. மறுநாள் ஆணி விட்டுப்போய், கார்ப்பெட்டில் ஒரு படி மண். இரண்டாவது தடவை குளத்துக்குப் போடும் ரப்பர் விரிப்பை அடியிலும் ஓரத்திலும் மடித்து வைத்த பிறகுதான் மண் போட்டேன். அதற்கடியில் இரண்டு குறுக்குச் சட்டம். இப்போது ஒரு வருடத்துக்கு மேலாக நிற்கிறது.

உள்ளே: வெயில் பல்புக்குக் கீழே கூரை வேய்ந்த பழைய ஸ்லேட் துண்டு. நம் ஊர் கடப்பாக்கல் மாதிரி கறுப்பாக, சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நகமும் தேயும். சாப்பாடும் அதன் மேலேயே. பாதியாக உடைந்த மண் தொட்டி ஒன்று, குகை. ஐஸ்கிரீம் டப்பா. பூச்சட்டிக்கு அடியில் வைக்கும் ஆழமில்லாத மண் தட்டில் தண்ணீர். மூன்று இடத்தில் செடி. கவிழ்ந்துவிடும்படி செங்குத்தான கல் எதுவும் பல்புக்குக் கீழே வைக்காதீர்கள். மல்லாந்து விழுந்த குஞ்சு நேர் சூட்டில் ரொம்ப நேரம் தாங்காது.

செடியெல்லாம் வளர்ந்து மூடியதும் ஆமை கண்ணில் படுவதே இல்லை. கணவர் ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, "காசு கொடுத்து மண்ணா வாங்கியிருக்கோம்?" என்றார். ஆனால் நாலாவது நாளிலிருந்து காலை எட்டேகால் மணிக்குத் தானாக வெளியே வந்து கல் மேல் காலைப் பரப்பிக்கொண்டு படுக்க ஆரம்பித்தது. பின்னங்கால் இரண்டையும் நீட்டி, கழுத்தை நீட்டி, தாடையைக் கல்லில் வைத்துக்கொண்டு. தொட்டியில் இருந்த மூன்று மாதத்தில் ஒரு தடவைகூட இப்படிப் படுத்ததில்லை.

22 ஏப்ரல் 2024

கோவையிலிருந்து ஒருவர்: தோட்டத்தில் நட்சத்திர ஆமைக் குஞ்சு கிடைத்தது, இதே மாதிரி வீடு செய்யலாமா? கூடாது. அது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது, 2022 திருத்தத்துக்குப் பின் முதல் அட்டவணையில். வைத்திருப்பதே குற்றம். சர்வதேச வணிகத்துக்கும் 2019-ல் முழுத் தடை வந்துவிட்டது. வனத்துறைக்குப் போன் செய்து ஒப்படையுங்கள். புண்ணியம் என்று கோயில் குளத்திலோ கிணற்றிலோ விடாதீர்கள். அது தரை ஆமை, மூழ்கிச் சாகும்.

இங்கே ஹெர்மனுக்கும் காகிதம் உண்டு. பாதுகாக்கப்பட்ட உயிரினத்தை விற்க அரசு கொடுக்கும் ஆர்ட்டிகிள் 10 சான்றிதழை விற்பவர் தர வேண்டும். தரவில்லை என்றால் வாங்காதீர்கள். வாங்கியாயிற்று என்றால் போய்க் கேளுங்கள்.

19 மே 2024

அம்மா வந்திருக்கிறாள், ஆறு மாத விசா. கதவைத் தாண்டி வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அது எங்க?" இரண்டாவதாக, ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்ற பழமொழி. முழுசாக, ராகத்தோடு. அமீனா என்றால் கோர்ட்டிலிருந்து ஜப்தி செய்ய வருகிற ஆள், அதற்குத்தான் ஆர்ட்டிகிள் 10 சான்றிதழ் வைத்திருக்கிறோம் அத்தை, வந்தால் காட்டிவிடலாம் என்றார் கணவர். அம்மா சிரிக்கவில்லை.

27 மே 2024

தீனி. இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், ஏனென்றால் நீளம்.

கடைக்காரர் சொன்ன 'கீரை' பசலை என்றால் வேண்டாம், அதில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். பழம், தக்காளி, வெள்ளரி வேண்டாம், வயிறு கெடும். ஹெர்மனுக்கு வேண்டியது களை. டான்டெலியன், சோ திசில், குளோவர் கொஞ்சம், மல்லோ. அப்புறம் செம்பருத்தி இலையும் பூவும், மல்பெரி இலை. தோட்டத்தில் புல்வெட்டியோடு போராடும் பக்கத்து வீட்டுக்காரருக்கு நீங்கள் பிடுங்கிக்கொண்டால் சந்தோஷம்தான், மருந்து அடித்தாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நாய் நடக்கிற பாதையோரம் வேண்டாம்.

பிளான்டைன் என்று பட்டியலில் இருக்கும். நான் அதை அச்செடுத்துப் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தேன். போன வாரம் அம்மா கடைக்குப் போனவள் இரண்டு வாழைக்காய் வாங்கி வந்து, ஒன்றை வட்டமாக நறுக்கி உருண்டை முன்னால் வைத்திருக்கிறாள். நம் ஊர் ஆங்கிலத்தில் பிளான்டைன் வாழைதானே! இந்த பிளான்டைன் வேறு, தரையோடு படர்ந்து, நீளவாக்கில் நரம்பு ஓடுகிற இலை, எந்தப் புல்வெளியிலும் இருக்கும். உருண்டை வாழைக்காய் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கிப் போயிற்றாம். இன்னொன்றை அன்று மதியம் நாங்கள் வறுவலாகச் சாப்பிட்டோம்.

மல்பெரி இலை என்றதும் அம்மா, "பட்டுப்புழுக்குப் போடற தழையா?" என்றாள். உடுமலைப் பக்கம் அது ஏக்கர் கணக்கில் உண்டு. இங்கே தொட்டியில் ஒரு குச்சி வைத்திருக்கிறேன், ஒன்பது இலை.

கால்சியத்துக்குக் கணவாய் ஓடு ஒரு துண்டு உள்ளேயே கிடக்கட்டும். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்பார்களே, அதே சங்கதி. தூளும் வாரம் இரண்டு மூன்று தடவை இலை மேல்.

9 ஜூன் 2024

மார்ச் 12 அன்று கண்ணாடித் தொட்டியைத் தூக்கிப் போடச் சொன்னேன். திருத்துகிறேன். குஞ்சு வளர்ப்பில் என்னைவிட அனுபவம் உள்ள ஒருவர், மேலே பாதி மூடிய தொட்டியில்தான் ஈரம் நிற்கிறது, திறந்த மரப்பெட்டியில் ஹீட்டர் காற்று எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும் என்று நியாயமாகவே கேட்டார். யோசித்துப் பார்த்தால் என் தொட்டியில் தப்பாக இருந்தவை பல்பு, சீவல், ஒளிய இடமில்லாதது, டிவி. கண்ணாடி மட்டும் தனியாக என்ன குற்றம் செய்தது? பக்கத்துக்குத் தாள் ஒட்டி, ஒரு சாண் மண் போட்டு, செடி நட்டு, ட்யூப் மாட்டினால் முதல் வருடத்துக்கு அதுவும் வீடுதான். இரண்டடி மட்டும் சின்னது. சூட்டு மூலையும் குளிர் மூலையும் இரண்டடிக்குள் பிரியாது, எல்லா இடமும் 30 ஆகிவிடும். மூன்றடியாவது வேண்டும். இங்கே என் கருத்து நிற்கிறது.

10 ஜூன் 2024

"அப்போ சீவல்?" சீவலும் வேண்டாம்தான். குஞ்சை வறண்டு போக வைத்துவிடும்.

14 ஜூலை 2024

வெளியே. பகல் 22 டிகிரிக்கு மேல் போகிற நாளில் கம்பி வலை போட்ட பெட்டியில் புல்லில் விடுகிறோம், பாதி நிழல். எந்த ட்யூபும் இதற்கு ஈடில்லை. வலை மேலேயும் வேண்டும். வேலியில் மேக்பை என்ற காக்கை இனப் பறவை ஒன்று உட்கார்ந்து உருண்டையைத் தலை சாய்த்துப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துச் சொன்ன கதை. எழுபது தாண்டியவர். அவர் சிறுவனாக இருந்தபோது சந்தையில் கூடை கூடையாக ஆமை விற்பார்களாம். அவருடைய அப்பா ஓட்டின் ஓரத்தில் துளை போட்டு, கயிறு கட்டி, ஆப்பில் கட்டிவிட்டாராம். ரொட்டியும் பாலும் தீனி. "கிறிஸ்துமஸ் தாண்டாது, அடுத்த வருடம் இன்னொன்று வாங்குவோம்" என்றார். மத்தியத் தரைக்கடல் ஆமைகளின் வணிக இறக்குமதிக்கு ஐரோப்பாவில் தடை வந்தது 1984-ல்தான். ஓடு நகம் மாதிரி அல்ல, அடியில் எலும்பு, உயிர் ஓடுகிற எலும்பு. அதை அவரிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் தோட்டத்து டான்டெலியன்தான் உருண்டைக்கு வருகிறது.

15 ஜூலை 2024

துணைக்கு இன்னொன்று வாங்கலாமா என்று மகளும் கேட்கிறாள், இங்கே இரண்டு பேரும் கேட்கிறார்கள். வேண்டாம். ஆமைக்குத் தனிமை வருத்தம் இல்லை. இரண்டு போட்டால் ஒன்று மற்றதைக் கல்லிலிருந்து தள்ளும், மற்றது மெலியும். சேர்ந்து தூங்குகிறதே என்று நாம் நினைப்பது பல சமயம் ஒரே நல்ல இடத்துக்கான சண்டை.

3 நவம்பர் 2024

92 கிராம். மார்ச்சில் 58. வாரம் ஒரு தடவை ஞாயிற்றுக்கிழமை எடை போட்டு நோட்டில் எழுதுவது மகளின் வேலை.

குளிர்கால உறக்கம் பற்றிக் கேட்கிறீர்கள். முதல் இரண்டு குளிர்காலம் நான் தூங்க விடவில்லை, பயம். குஞ்சை எழுப்பியே வைப்பது நல்லது என்பவர்களும் உண்டு. அதன் சொந்தக் காட்டில் இருந்தால் முதல் வருடமே தூங்கியிருக்கும் என்பவர்களும் உண்டு. மருத்துவர் பரிசோதித்துச் சரி என்றார், இந்த வருடம் ஐந்து வாரம் மட்டும் பார்க்கப் போகிறேன். இரண்டு மூன்று வாரம் தீனி நிறுத்தி, தினமும் ஊறவைத்து, குடல் காலியான பிறகு, மெல்ல மெல்லச் சூட்டைக் குறைத்து, 5 டிகிரியில் ஃபிரிட்ஜ். ஆமாம், ஃபிரிட்ஜ். கொட்டகையில் வைத்தால் ஒரு நாள் மைனஸ், ஒரு நாள் 12. இரண்டும் ஆகாது.

சமையலறை ஃபிரிட்ஜ் வேண்டாம். ஆமை சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமியைச் சுமக்கும், ஊறவைக்கிற பேசினும் தனி, தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும், ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தை இருக்கும் வீட்டில் இன்னும் கவனம். இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒத்திகைக்காக மண் போட்ட டப்பாவை வெறுமனே ஒரு நாள் எங்கள் ஃபிரிட்ஜில் வைத்து வெப்பநிலை பார்த்தேன். இட்லி மாவும் அதே கம்பெனி ஐஸ்கிரீம் டப்பாவில். காலையில் அம்மா மூடியைத் திறந்து கரண்டியை விட்டிருக்கிறாள். ஊருக்குக் கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது அவள் வாயிலிருந்து நான் கேட்ட வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அன்று மாலையே பழைய சின்ன ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கிவிட்டோம்.

8 டிசம்பர் 2024

உள்ளே போயாயிற்று. தினமும் ஒரு தடவை கதவைத் திறந்து காற்று மாற்றுகிறேன். வாரம் ஒரு தடவை எடை. எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, சிறுநீர் கழித்திருந்தாலோ உடனே எழுப்ப வேண்டும். அதில் இருந்த தண்ணீர்தான் அதற்குக் குளிர்காலக் கையிருப்பு.

ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போய்த் திறந்து பார்த்தேன். தப்பு, தெரியும்.

12 ஜனவரி 2025

91 கிராம்! ஒரே ஒரு கிராம். அறைச் சூட்டில் மூன்று மணி நேரம் வைத்ததும் ஒரு கண் திறந்தது, அப்புறம் மற்றது. வெதுவெதுப்பான தண்ணீரில் மூக்கு வரைக்கும் தலையை முக்கி, கண்ணை மூடிக்கொண்டு, தொண்டை ஏறி இறங்க நாலு நிமிஷம் குடித்தது. மூன்றாம் நாள் சாப்பிட்டது. வீடியோ காலில் அம்மாவுக்குக் காட்டினேன். "இளைச்சுப் போச்சே" என்றாள்.

2 மார்ச் 2025

லெஸ்டர்க்காரர் ஒரு வருடம் கழித்துப் படம் போட்டிருக்கிறார். மூன்றரை அடி மரப்பெட்டி, டி5 ட்யூப், செடி. ஆமையைக் காணவில்லை. அதுதான் சரி.

சுருள் பல்பை இன்னும் என்ன செய்வது என்று கேட்கிறார். மேசை விளக்கில் போட வேண்டாம், யுவிபி கண்ணுக்கு ஆகாது. மின்கழிவில் போடுங்கள்.

5 மார்ச் 2025

என் பழைய கண்ணாடித் தொட்டி என்ன ஆயிற்று என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தெற்கு ஜன்னலில் இருக்கிறது. உள்ளே கறிவேப்பிலைச் செடி, இந்தக் குளிரைத் தாண்டிவிட்டது, பதினோரு கொத்து. ஆமைக்குக் கறிவேப்பிலை போடலாமா என்று அடுத்த கேள்வி வரும் என்று தெரியும். கேட்காதீர்கள், ரசத்துக்கே பற்றவில்லை.